பதினேழு இஞ்ச் சந்தும் ஒரு மிலிட்டரி வண்டியும்

எட்டு மாதம் எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு லாரி நின்றது. எங்கள் வீடு தெருவை ஒட்டியது இல்லை. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து உள்ளே வரும், அதன் கடைசியில் நாங்கள். சந்தை அடைத்துக்கொண்டு லாரி நின்றதில், அதற்கும் ஒரு பக்கத்துச் சுவருக்கும் இடையே மிஞ்சியது பதினேழு இஞ்ச். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, அளந்தேன். ரவிக்கை தைக்கிறவள் நான், கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும்.

பதினேழு இஞ்சில் நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து போய்விடுவேன். கேஸ் சிலிண்டர்காரர் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, “உள்ள நீயே உருட்டிக்கம்மா” என்று போய்விடுவார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சக்கர நாற்காலி போகாது. பிரச்சினை அதுதான்.

என் மாமனாருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும், அதற்கு மேல் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். ஆகவே மாமாவை அந்த இடுக்கில் பக்கவாட்டில் நிற்க வைத்து, தோளைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக நகர்த்தித் தெருவில் ஆட்டோ வரைக்கும் கொண்டு போகிற வேலை என்னுடையது. இருபத்தி மூன்று அடி லாரி. அதைக் கடக்க எங்கள் இருவருக்கும் கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் மாமாவுக்கு மூச்சு வாங்கினால் நின்றுவிடுவோம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. உட்கார இடமில்லை. முதுகில் சுவர், மூக்குக்கு நேரே பச்சை பெயிண்ட் அடித்த தகரம். அந்த நேரங்களில் நான் அந்த வண்டியைத் திட்டாத திட்டு இல்லை.

வண்டி மாமாவுடையதுதான். ராணுவத்தில் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது வாலிப வயதில் எடுத்தாராம். பந்தல் சாமான், கல்யாணப் பாத்திரம், திருவிழாவுக்கு மூங்கில் என்று திருமுக்கூடலிலிருந்து திருப்புட்குழி வரைக்கும் அவர் ஏற்றி இறக்காத ஊர் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அது மிலிட்டரி வண்டி. ஒரு சாயங்காலம் வழக்கம்போல ரிவர்ஸில் சந்துக்குள் விட்டு நிறுத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால் ரேடியேட்டர் தண்ணீர் முழுக்கத் தரையில். அந்த வாரமே அவரும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

டிராக்டர் வைத்து இழுத்து வெளியே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

“தானா உள்ள வந்த வண்டி. தானாதாம்மா வெளிய போவணும்,” என்றார் மாமா. “கயிறு கட்டி இசுத்துக்கினு போறதுக்கு அது இன்னா பொணமா?”

அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இப்படி ஒரு சாத்திரம். வீட்டு வாசலிலிருந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால், அடுத்து அதே வாசலிலிருந்து பாடை போகும் என்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிற மனிதரிடம் இதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? என் வீட்டுக்காரரோ, “அப்பா சொன்னா சொன்னதுதான்” என்று பஸ் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தினமும் தோள் கொடுக்கிறவள் நானல்லவா.

சரி, ரேடியேட்டரையாவது மாற்றலாம் என்று செங்கல்பட்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற பாயை அழைத்து வந்தேன். ரேடியேட்டரில் ஓட்டை அடைப்பதுதான் அவருக்கு முழுநேரத் தொழில். டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் லேசாகத் தட்டினார். செம்புத் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இதுல ஈயம் நிக்காது பெரியவரே. இதே மாதிரி ஒண்ணு இப்ப எங்கியும் கெடைக்காது. வேற லாரி ரேடியேட்டரக் கொண்டாந்து வெட்டி ஒட்டிச் சேத்துடலாம். ஜாஸ்தி நாள் ஆவாது.”

“கெடைக்கும். தேடு,” என்றார் மாமா.

தேடினோம். பாய் சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒன்று இருப்பதாகப் போட்டோ வந்தது. மாமா போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “மேல் வாய் எடப்பக்கம் இருக்குது. இது இல்ல” என்றார். இன்னொன்று வந்தது. அதில் குழாய் வரிசை ஒன்று குறைவாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கும்போதுகூட, “பாய் போன் பண்ணாரா? ஆம்பூர்க்காரன் இன்னா சொன்னான்?” என்று அதே பேச்சுதான். வெளியே வந்ததும் அந்தப் பேச்சோடுதான் மறுபடி இடுக்கில் நுழைவார்.

ஏழாவது மாதம் அது நடந்தது. லாரியின் பக்கத்தில் தார்ப்பாய் கட்டுவதற்கு வரிசையாகக் கொக்கிகள் உண்டு. மாமாவுக்குக் கால் தடுமாறி, ஊசி குத்துகிற கை ஒரு கொக்கியில் உரசிவிட்டது. அந்தக் கையில்தான் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்கள். அது கெட்டால் அவருக்கு லேசில் வேறு வழி கிடையாது. என் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் ஓடி வர ஆளிருந்தது, வந்து நிற்கத்தான் இடமில்லை. ரத்தம் நின்றது, என் வாய் நிற்கவில்லை.

“உங்களுக்கு வண்டி வேணுமா, கை வேணுமா மாமா? நான் செத்தாத்தான் இந்தச் சந்து காலியாவுமா?”

 மூன்று நாள் மாமா என்னோடு பேசவே இல்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார், மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். நாலாம் நாள் காலையில் தானாகக் கூப்பிட்டார்.

“சரிம்மா. எதையோ ஒண்ணப் போட்டு வெளிய எடுங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. நெய் விட்டுக் கேசரி கிண்டினேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மாமாவுக்கும் அரைக் கரண்டி கொடுத்தேன், டாக்டர் திட்டினால் திட்டட்டும் என்று.

பாய் ஒரு பழைய சரக்கு லாரியின் ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். அகலம் கூட, உயரம் குறைவு. வண்டியின் மூக்குக்குள் அதை உட்கார வைப்பது, குண்டுப் பெண்ணுக்கு ஒல்லிப் பெண்ணின் ரவிக்கையை மாட்டுவது மாதிரிதான் இருந்தது. எங்கே பிரிப்பது, எங்கே ஒட்டுப் போடுவது என்று பாய் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கையில், நான் செய்தித்தாளை எடுத்துப் போய் வண்டியின் சட்டத்தில் வைத்து அழுத்தி, போல்ட் ஓட்டைகளைக் குத்தி, பேப்பர் கட்டிங் எடுத்துக் கொடுத்தேன். பாய் சிரித்தார். ஆனால் அந்தப் பேப்பரை வைத்துத்தான் இரும்பு ஆங்கிளில் துளை போட்டார், இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

மற்றது அத்தனை சுலபமாக இல்லை. இன்ஜினிலிருந்து தண்ணீர் வருகிற வாய் வலப்பக்கம், புது ரேடியேட்டரின் வாய் இடப்பக்கம். ஒரு இரும்புக் குழாயை வளைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ் மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினார். ஃபேன் இறக்கை உரசியது. ரேடியேட்டரை ஒரு இஞ்ச் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினால் கிரில் மூடவில்லை. கிரிலின் உள்கம்பி இரண்டை அறுத்தோம். அடியில் டயர் ரப்பரை வெட்டி மெத்தை வைத்தோம். மாமா உள்ளே கட்டிலில் படுத்தபடி அறுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் அந்த வண்டியில் யாராவது சாய்ந்து நின்றாலே அதட்டுகிறவர்.

வெளியே எடுக்கிற நாளை நல்ல நாளாகப் பார்த்தேன். காலை ஏழரைக்கு முன் நல்ல நேரம். வண்டி முகத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அதன்மேல் சாமந்தி மாலையை மூன்று சுற்று சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். மாமா கண்டிப்பாக வண்டியில்தான் வருவேன் என்றார். ஒருவர் உள்ளேயிருந்து இழுக்க, ஒருவர் இடுக்கில் நின்று தாங்க, முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். பாய் ஸ்டார்ட் செய்தார். இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. மெல்ல நகர்ந்து மூக்கைத் தெருவில் நீட்டியது.

தெரு முழுக்கப் பாவு.

தறியில் ஏற்றுமுன் பட்டு நூல் பாவைக் காலையில் எங்கள் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பது வழக்கம். பிறந்த வீட்டுத் தெருவிலும் பார்த்திருக்கிறேன், கல்யாணமாகி வந்த பிறகும் அதேதான். நல்ல நேரம் பார்த்த எனக்கு நல்ல புத்தி இல்லாமல் போயிற்று. பாவு கட்டியிருந்தால் சாமியே வந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும், அறுந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத வேலை போச்சு. “பத்து நிமிசம் இருபா, சுத்திடறோம்” என்றார்கள். இன்ஜினை அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்று பாய் அணைக்கவில்லை.

பாதி சந்தில், பாதி தெருவில் வண்டி நின்றது. சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. பாய் அதைப் பார்த்தார், மாமா பார்த்தார், வண்டியின் ஏறுபடியில் நின்று நானும் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது.

“காத்து போவலியே. முன்னாடி இன்னாத்த கட்டி வெச்சிக்கீறீங்க?” என்றார் மாமா.

நான்தான். மூன்று சுற்று சாமந்தியும் மஞ்சள் துணியும் போட்டு வண்டியின் மூச்சையே அடைத்து வைத்திருந்தேன். குதித்து ஓடிப் போய்க் கையால் பிய்த்தெறிந்தேன். தெருவே சிரித்தது. ஐந்து நிமிடத்தில் முள் இறங்கியது. அதற்குள் பாவும் சுற்றியாயிற்று.

ஏனாத்தூர் பக்கம் பந்தல் கடைக்காரர் ஒருவரின் காலி இடத்தில் வண்டியை விடுவதாகப் பேச்சு. நானும் கூட ஏறிக்கொண்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மாமா பாயை நிறுத்தச் சொல்லி, இடம் மாறி உட்கார்ந்து, தானே ஓட்டினார். ஒரு கிலோமீட்டர் இருக்கும்.  நிறுத்தியபிறகு ஸ்டியரிங்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கினார்.

மறுநாள் டயாலிசிஸ். எட்டு மாதத்தில் முதன்முறையாக ஆட்டோ சந்துக்குள் புகுந்து வீட்டு வாசற்படியில் வந்து நின்றது. பெருமை தாங்கவில்லை எனக்கு. உள்ளே போனால் மாமா சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஆட்டோவ அனுப்பிடும்மா.”

“ஏன் மாமா, ஒடம்பு முடியலியா?”

“அதெல்லாம் இல்ல. வண்டி வெளிய போயிடுச்சில்ல. அதுவரைக்கும் இருக்கலாம்னு வெச்சிருந்தேன். எனக்குப் போதும்மா. உனுக்கும் போதும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிடைக்காது என்று தெரிந்துதான் கிடைக்காத சாமானை எட்டு மாதமாகக் கேட்டிருக்கிறார். தேடுவதற்கு ஒன்று மிச்சம் இருக்கிறவரை ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று நாள் பேசாமல் இருந்து அவர் சரி என்று சொன்னது வண்டிக்கு இல்லை. அந்தச் சரிக்குத்தான் நான் கேசரி கிண்டியிருக்கிறேன்.

அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பொய்யும் வந்தது.

“நீங்க ஒண்ணு மாமா. பாய் இப்பத்தான் போன் பண்ணாரு. ரேடியேட்டர் லீக் ஆவுதாம். பந்தல் கடைக்காரர் எடுத்துக்கினு போவச் சொல்லிட்டாராம். சாயங்காலம் வண்டி இங்கதான் வருது.”

“நேத்து ஓட்டும்போது ஒண்ணுமில்லியே.”

“நேத்து இல்ல. இன்னிக்கிக் காலைல.”

“எங்க லீக்கு?”

“கீழ் டாங்க் பக்கமாம். பழசு மாதிரியே கெடைச்சாத்தான் ஆவும்னு சொல்றாரு.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எது லீக், எது பொய் என்று தெரியாதவரா? வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றார் மாமா. “சட்டைய எடு.”

அவரை மெஷினில் சேர்த்துவிட்டு, அதே ஆட்டோவில் பாய் பட்டறைக்குப் போனேன். எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு பாய் கையிலிருந்த, ஈயம் வைக்கிற சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.

“அடைக்கச் சொல்லி வருவாங்க தங்கச்சி. ஓட்ட போடச் சொல்லி யாரும் வந்ததில்ல.”

நடந்ததைச் சொன்னேன். மாமா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.  பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும் என்று கேட்டார்.

“வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கணும் பாய்,” என்றேன். “அதுக்கப்பறம் அடைக்கவே முடியக் கூடாது.”