உயிர்ச்சேதம் இல்லை

பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தவள் வேலாயிதான்.

1934-ஆம் ஆண்டு மாசி மகத்துக்கு முந்தின நாள். மறுநாள் துரையின் விருந்தாளிகள் பீரங்கி மேட்டைப் பார்க்க வருகிறார்கள், மேடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ரப்பர் தோட்டத்திலிருந்து எட்டுப் பெண்களை அனுப்பியிருந்தார்கள். ஏழு பேர் லாலாங் புல்லை வெட்டினார்கள். வேலாயிக்குத் தகடு. முதலில் பச்சை போயிற்று, பிறகு கறுப்பு போயிற்று, கடைசியில் ஆங்கில எழுத்துகள் பொன்னாக மின்னின. அவை என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புளியை வைத்துவிட்டுக் கல்லை எடுத்திருப்பாள்.

மலாயாவில் கோலா சுங்கை பாருவுக்கு வடக்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது அந்தக் குன்று. பீரங்கி மேடு என்று பேரே தவிர, பீரங்கி அங்கே இல்லை. ஜெர்மன் சண்டை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது வட்டமான சிமெண்டுத் தளம், அதில் துருவேறிய போல்ட்டுகள், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல்சுவர், சுவரில் இந்தத் தகடு. கடல் வற்றும் நேரத்தில் மேட்டிலிருந்து கீழே பார்த்தால் சேற்றில் ஒரு கப்பலின் விலா எலும்புகள் தெரியும். அவற்றின் நடுவே, யானை படுத்திருப்பதுபோல, அதன் கொதிகலன்.

எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு வெள்ளைக்காரர்களுக்கு ஒவ்வோர் அலையிலும் ஜெர்மன்காரன் தெரிந்தான். அடுத்த ஆண்டு, 1915-இல், இந்தக் குன்றில் ஒரு பீரங்கி வைப்பதென்று முடிவாயிற்று. ஐரோப்பாவில் ராஜாக்கள் அடித்துக்கொண்டால் இங்கே அலோர் காஜாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன் ஏன் கல் சுமக்க வேண்டும்? கேட்க நாதியில்லை. அப்போதிருந்த துரை தன் ராஜபக்தியைக் காட்டத் தோட்டத்து ஆட்களை இரவல் கொடுத்தான், மண்வெட்டியை இரவல் கொடுப்பதுபோல. தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெண்கள் கூடையில் கல் சுமந்து மேடேறினார்கள். ஆண்களில் பதினொரு பேரை, மலாக்காவிலிருந்து சிமெண்டும் பீரங்கியும் ஏற்றிவந்த சிறிய நீராவிக் கப்பலில் வேலைக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவன் அங்கமுத்து, வேலாயியின் புருஷன். வயது இருபத்தாறு. மற்ற ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போகிற நேரத்தில் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்டாட்டிக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவன். அதற்காகவே லயமே அவனைக் கேலி செய்யும். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வெற்றிலையைத் துடைப்பான்.

கப்பல் கூப்பிடு தூரத்துக்கு வந்தபோது சுமத்ராக் காற்று என்கிற சூறை பிடித்தது. கப்பல் பாறையில் ஏறி உட்கார்ந்து சாய்ந்தது. இருந்தது ஒரே ஒரு படகு. முதல் நடையில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் கரையேறினார்கள். இரண்டாம் நடையில் மாலுமிகள். மூன்றாம் நடையில் பெட்டிகள் வந்தன. பீரங்கியின் உறுப்புகள் அடங்கிய பெட்டிகள். அதுவரையிலும் அந்தப் பதினொரு பேரும் கப்பலின் அடித்தட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள், கப்பல் மூழ்காமல் இருந்தால்தானே பெட்டிகளை இறக்க முடியும். அவர்களுக்கென்று சொல்லியிருந்தது நான்காம் நடை. நான்காம் நடைக்குப் படகு திரும்பியபோது கப்பல் இல்லை.

மேட்டில் கூடையோடு நின்ற அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள். வேலாயியும் பார்த்தாள்.

மூன்று உடல்கள் ஒதுங்கின. பொழுது சாய்வதற்குள் பாக்காவ் என்கிற அலையாத்திக் காட்டுச் சேற்றில் புதைத்தார்கள். அங்கமுத்து ஒதுங்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்தபோது கணக்கெழுதும் கிராணி, சின்னக் கங்காணி சொன்னபடி, பதினொரு பெயருக்கு நேரே ‘ஓடிப்போனான்’ என்று பதினொரு முறை எழுதினான். கூலி செத்தால் கேள்வி வரும். எங்கே செத்தான், யார் அனுப்பியது, யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று வரும். ஓடிப்போனால் ஒரு கேள்வியும் வராது. பீரங்கிக் குழாயைப் பத்து நாள் பாடுபட்டுச் சங்கிலி கட்டிச் சேற்றிலிருந்து இழுத்தார்கள். அது ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

மூன்றாம் நாள் வேலாயி தாலியைக் கழற்றி வைத்தாள். தம்புசாமி அப்போது சின்னக் கங்காணி. லயத்து வாசலில் வந்து நின்று, புருஷன் ஓடிப்போனதற்கு எவளாவது தாலியைக் கழற்றுவாளா என்று கேட்டு, பிரம்பால் இரண்டு போட்டு, மறுபடி கட்டவைத்தான். கருமாதிக்கு ஏற்பாடு செய்த பெரியவர்களையும் மிரட்டிக் கலைத்தான். கருமாதி செய்வதால் செத்தவன் எங்கும் போய்ச் சேரப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் இவன் செத்தான் என்று நாலு பேர் கூடி ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். அந்த ஒப்புதல்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. வாரம் கழிந்ததும் தாலியை மறுபடி கழற்றினாள். மறுபடி அடி. மூன்றாவது தடவை தம்புசாமிக்கே கை சலித்துப்போயிற்று.

பார்த்தவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாக வேலாயிக்கு லயத்தில் ‘ஓடிப்போனவன் பெண்டாட்டி’ என்று பேர். ஊரில் அவனுக்கு வேறொருத்தி இருந்தாள், அவளிடம் போய்விட்டான் என்றுகூடக் கதை கட்டினார்கள். அங்கமுத்துவைப் பார்த்தே இராதவர்கள் கட்டிய கதை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் தன்னை விட்டு ஓடவில்லை, செத்துப்போனான் என்று அந்தப் பெரட்டுப் புத்தகம் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே கப்பல் சாமியாகிவிட்டது. நண்டு பிடிக்கப் போனவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குள் பெரிய கங்காணியாக உயர்ந்திருந்த தம்புசாமி தன் கனவில் முனி வந்ததாகச் சொன்னான். கொதிகலன் மேல் திருநீறும் குங்குமமும் ஏறின, பக்கத்தில் ஒரு சூலம் நட்டாயிற்று. கப்பல் முனி! வருஷா வருஷம் மாசி மகத்துக்குச் சேவல், சுருட்டு, கள். முறைக்காதே, முனி பார்த்துக்கொள்வான் என்று பெரட்டில் மிரட்ட அவனுக்கு ஒரு துணையாயிற்று. பயந்து கும்பிட்ட ஏழைகளை என்ன சொல்ல? பதினொரு பேரைக் கொன்ற இரும்பையே சாமியாக்கி அதைக் காட்டி மற்றவர்களை அடக்கினானே, அவனுக்குத்தான் இரும்பு நெஞ்சு.

மாசி மகத்தன்று லாரிகளில் தோட்டமே கடற்கரைக்கு வந்தது. துரையின் விருந்தாளிகள் நாலு பேர், அவர்களில் இரண்டு பெண்கள், மேட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு சீமாட்டி போல்ட்டுகளை எண்ணினாள். ஒருவர் தகட்டைச் சத்தமாகப் படித்தார், எல்லாரும் தலையாட்டினார்கள். மொழிபெயர்க்கக் கூட வந்திருந்தவன் கிராணி பிச்சைமுத்து, மலாக்கா டவுனில் பிறந்த இளைஞன், வேலைக்கு வந்து எட்டு மாதம். குடிநீர்ப் பானையோடு ஓரமாக நின்ற வேலாயி அவனிடம் கேட்டாள்.

“கிராணி ஐயா, நேத்து நான் தேச்ச தகட்டுல என்ன எழுதியிருக்கு?”

“உன் பேரு இல்ல, கவலப்படாத லா” என்று சிரித்தவன், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துப் படித்தான். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல இங்க பீரங்கி வெச்சாங்க. கொண்டாந்த கப்பல் புயல்ல ஒடைஞ்சிருச்சு. பீரங்கி தப்பிச்சிருச்சு. உயிர்ச்சேதம் இல்லை. அவ்வளவுதான்.”

“உயிர்ச்சேதம் இல்லேன்னா?”

“ஒருத்தரும் சாகலேன்னு அர்த்தம்.”

வேலாயி பானையை இறக்கி வைத்தாள். விரல் இடுக்குகளில் இன்னும் புளி நாறியது. அந்தப் பொய்யைத் தன் கையாலேயே தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறாள். மேட்டைவிட்டு இறங்கி, சேற்றில் கணுக்கால் புதையக் கொதிகலனை நோக்கி நடந்தாள்.

பூசை நடந்துகொண்டிருந்தது. சரிகைத் துண்டைக் கட்டிக்கொண்டு, சேவலைக் காலில் பிடித்தபடி தம்புசாமி நின்றான். துரையும் விருந்தாளிகளும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் காமிரா. வெள்ளைக்காரர் முன்னால் ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவதைக் கண்ட தம்புசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏய், அங்கயே நில்லு. தாலியறுத்தவ முனிகிட்ட வரலாமா? நல்ல நாளும் அதுவுமா.”

வேலாயி நின்றாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்து, பத்தொன்பது வருஷத்தைச் சுற்றிவிட்டு வந்தது.

“நான் தாலியறுத்தவளா, கங்காணி?”

“பின்ன என்ன, சுமங்கலியா?” கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

“அப்பன்னா எம் புருசன் செத்துட்டான்.”

சிரிப்பு நின்றது.

“ஓடிப்போனான்னு பொஸ்தகத்துல எழுத வெச்சவன் நீ. தாலியக் கழட்டுனதுக்கு மூணு வாட்டி அடிச்சவன் நீ. ஓடிப்போனவன் பொண்டாட்டி எப்படித் தாலியறுத்தவ ஆவா? ரெண்டுல எது பொய்யி, இத்தன பேரு முன்னால சொல்லு.”

முனி வாயைக் கிழிப்பான், ரத்தம் கக்கிச் சாவாய் என்று தம்புசாமி கத்தினான். சேவல் அவன் கையில் படபடத்தது.

“எந்த முனி? இந்த இரும்புல ஒருத்தரும் சாகலேன்னா யாருக்கு சேவல் அறுக்குற? செத்தாங்கன்னா அவங்க பேரச் சொல்லு. பேரு தெரியாத சாமிக்கா இத்தன வருசம் பூச போட்ட?”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், வேலாயியோடு அன்று கல் சுமந்த பெத்தம்மாளின் குரல், வந்தது. இத்தனை காலம் மூடியிருந்த வாய் அது.

“காத்தான். எந் தம்பி.”

பிறகு இன்னொரு கிழவர் சடையன் என்றார். வேறு யாரோ வீரப்பன் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் நினைவில்லை. மிச்சப் பெயர்களை வேலாயி சொன்னாள், அங்கமுத்துவைக் கடைசியில் சொன்னாள். அவள் ஒன்றையும் மறக்கவில்லை.

என்ன தகராறு என்று துரை கேட்டான். பிச்சைமுத்து ஒரு நொடி வேலாயியைப் பார்த்தான். பிறகு, குடும்பச் சண்டை ஐயா, என்று ஆங்கிலத்தில் சொன்னான். காமிராக்காரர் படம் பிடித்தார். பொய் சொன்ன இந்தக் கிராணி வீரன்தான் பள்ளிக்கூடம் போய்ப் படித்துத் தேர்ந்தவன்.

வேலாயி நடந்துபோய்க் கொதிகலன் மேல் உள்ளங்கையை வைத்தாள். முனி ஒன்றும் செய்யவில்லை. இரும்பு என்ன செய்யும்? வெயிலில் சுட்டது.

நான்காம் நாள் லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் அழவுமில்லை, யார் காலிலும் விழவுமில்லை. பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெத்தம்மாளின் மகள் இருந்தாள், அங்கே போவதென்று முடிவு. மூட்டையைக் கட்டிக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனாள். பிச்சைமுத்து தனியாக உட்கார்ந்து பெரட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

“எம் பேருக்கு நேரா என்ன எழுதுற?”

அவன் தலை நிமிரவில்லை. கங்காணி சொன்னதை எழுதுவதாக முணுமுணுத்தான். என்ன சொன்னான் என்று மறுபடி கேட்டாள்.

“ஓடிப்போனாள்னு.”

வேலாயி மூட்டையைத் தரையில் வைத்தாள். “பட்டப்பகல்ல ஒம் முன்னால நிக்கிறேன். ஓடிட்டனா?”

பிச்சைமுத்துவின் பேனா மேலே எழும்பி அப்படியே நின்றது. கடற்கரையில் சொன்ன பொய் அவனுக்கு நினைவு வந்தது. அந்த வார்த்தையை அடித்துவிட்டு, வேலையிலிருந்து விலக்கப்பட்டாள் என்று எழுதிப் படித்துக் காட்டினான். அவள் போகவில்லை. சுவரோரத்து அலமாரியைக் கையால் காட்டினாள்.

“பதினஞ்சாம் வருசத்துப் பொஸ்தகத்த எடு.”

இது தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றான் அவன். தன் வேலை போய்விட்டது என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அவன் எழுந்துபோய், கரையான் ஓரங்களைத் தின்றிருந்த புத்தகத்தை எடுத்து வந்து, பக்கம் பக்கமாகத் தேடி அங்கமுத்துவின் பெயரைக் கண்டுபிடித்தான். ‘ஓடிப்போனான்’ என்றிருந்ததை அடித்தான். கடலில் வேலை செய்யும்போது இறந்தான் என்று எழுதி, திருத்திய நாளின் தேதியைப் போட்டு, கீழே தன் பெயரை எழுதினான். அடித்ததைக் காட்டு என்றாள். எழுத்து அவளுக்குத் தெரியாது, அடித்த கோடு தெரியும். குனிந்து அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

புத்தகத்தை மூடப்போனான்.

“இன்னும் பத்துப் பேரு இருக்காங்க” என்றாள்.

வெளியே தம்புசாமி யாரையோ அதட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பிச்சைமுத்து கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “பேரச் சொல்லுங்க அக்கா” என்றான். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்து எழுதினான். செருப்புச் சத்தம் படியேறி வாசலுக்கு வந்துவிட்டது. பதினொன்றாவது பெயருக்கு நேரே கோடு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலாயி மூட்டையைத் தூக்கினாள்.