இடர் நிலை: உயர்வு

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4, உட்பிரிவு 1, கூறு ஈ: ஒரு பொது அதிகார அமைப்பு தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தை, அந்த முடிவால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் என்று சட்டத்தில் இல்லை. தானாகவே தெரிவிக்க வேண்டும். அரசுப் பணியில் இருந்தபோது இந்த வரியைப் பயிற்சி வகுப்புகளில் பாடமாக நடத்தியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் தூக்கத்தில்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பெண்மணி செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பீங்கான் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு கேஸ் சூளை இருக்கிறது. கணவர் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. அதை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் இசைவாணை புரட்டாசியோடு முடிகிறது. புதுப்பிக்க இணையத்தில் விண்ணப்பித்திருந்தார்.

"என்னா சார் போட்டிருக்குது? ஆபத்துங்கறான்."

திரையில் இருந்தது இவ்வளவுதான்: செயற்கை நுண்ணறிவு மதிப்பீட்டின்படி இடர் நிலை, உயர்வு. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'உற்பத்தியைக் குறைத்துக் காட்டியதை ஒப்புக்கொள்கிறேன்'. மற்றொன்று, 'ஆட்சேபிக்கிறேன்'. முதலாவதை அழுத்தினால் உடனே தற்காலிக இசைவாணை கிடைக்கும்; பெயர் மட்டும் கண்காணிப்புப் பட்டியலில் ஏறும்.

"மொதலாவத அமுக்கிடட்டா சார்? கார்த்திகை வெளக்கு ஆர்டரு கெடக்குது."

"செய்யாத தப்ப எதுக்கும்மா ஒத்துக்கணும்?" என்றேன். இரண்டாவதை நானே அழுத்தினேன். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய சூளை என் பொறுப்பாகிவிட்டது. அது உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விண்ணப்பத்தில் 'தங்கள் உற்பத்தி' என்ற இடத்தில் தன் விளக்குகளை மட்டும் எழுதியிருந்தார். எரிவாயுக் கணக்கில் முழுச் சூளையும் இருந்தது. இந்தப் பேட்டையில் சொந்தச் சூளை இல்லாதவர்கள் தங்கள் சரக்கை இன்னொருவர் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டுக்கொள்வார்கள். சரக்கை அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் இவருடைய டிராலியில் ஒரு தட்டில் விளக்கு, அடுத்த தட்டில் எதிர்ப்பட்டறைக்காரரின் ஃபியூஸ் கட்டை, மேல்தட்டில் வேறொருவரின் பொம்மை என்றுதான் போகும். அவரவர் சரக்கை அவரவர் கணக்கில் காட்டுகிறார்கள். எரிவாயு மட்டும் இவர் கணக்கில். இவ்வளவு எரித்து இவ்வளவு கொஞ்சமாகவா செய்தாய் என்று மென்பொருள் சந்தேகப்பட்டிருக்கிறது. அதன் மீது எனக்குக் கோபமில்லை. அதனிடம் யாரும் டிராலியைக் காட்டவில்லை.

இதையெல்லாம் ஆட்சேபணையில் எழுதி, இரண்டு கேள்வி கேட்டேன். மதிப்பீட்டுக்கு எந்தெந்தத் தகவல் எடுத்துக்கொள்ளப்பட்டது? முடிவை எந்த அலுவலர் படித்துப் பார்த்தார்?

'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று உடனே வந்தது. ஒரு மனிதன் அவ்வளவு சீக்கிரம் பரிசீலிக்கத் தொடங்கி நான் பார்த்ததில்லை. பிறகு அதே வரி மறுபடியும் மறுபடியும் வந்தது. இணையதளத்தின் மூலையில் உதவிக்கென்று ஓர் உரையாடல் பெட்டி இருந்தது. அதில் கேட்டேன். மகிழ்ச்சியுடன் உதவுவதாகச் சொல்லி, செல்போன் எண்ணை மாற்றும் வழியை விளக்கியது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். "ஆபீஸுல இருந்தப்ப இவ்ளோ வேல பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

புரட்டாசி முடிந்தது. இசைவாணை இல்லாமல் பற்றவைத்தால் மின் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று சூளை நின்றது. எதிர்ப்பட்டறைக்காரர் தன் ஃபியூஸ் கட்டைகளை மினி வேனில் ஏற்றி வேறு சூளைக்குக் கொண்டுபோனார். சுடாத பீங்கான் குலுக்கலைத் தாங்காது. பாதிக்கு மேல் விளிம்பு உதிர்ந்து திரும்பியது. கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"சார், ஒங்க ரூல்ஸ எடுத்தாந்து கேஸுக்குப் பதிலா சூளைல வுடலாமா? நல்லா எரியுமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

மறுநாள் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கே போனேன். இருக்கையில் இருந்தவர் நல்ல மாதிரி. டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

"அது சிஸ்டம் போட்டதுங்க சார். நாங்க தொட முடியாது."

"தொட முடியாதா, தொடக் கூடாதா?"

"ரெண்டுந்தான் சார்."

என் காலத்திலும் கோப்பைப் படிக்காமல் முடிவெடுத்தவர்கள் உண்டு. ஆனால் கீழே ஒரு கையெழுத்து இருக்கும். அந்த ஆளின் மேஜைக்கு முன் போய் நிற்கலாம், சண்டை போடலாம். இங்கே எந்த மேஜைக்கு முன் நிற்பது? தகவல் உரிமை மனுவை அங்கேயே கைப்பட எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்மணி நின்றிருந்தார்.

"சென்னைக் கடைக்காரரு ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு சார். எனக்குக் காரணம்லாம் வாணாம். அடுப்பு எரிஞ்சா போதும். இப்பவாச்சும் அந்த மொத பட்டன அமுக்கட்டுமா?"

அந்த மென்பொருள் கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். இவருக்குச் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. "உங்க இஷ்டம்மா. அமுக்கினா நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றேன்.

செல்போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குறைச்சுக் காட்டுனேன்னு எழுதியிருக்குது சார். வூட்டுக்காரரு ஊருக்கு வந்து படிச்சா என்னா நெனைப்பாரு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐப்பசி மழையில் அந்த அலுவலகத்தின் இளம்பெண் பொறியாளர் ஒருவர் பேட்டைக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர்தானாம். எழுத எதுவும் கிடைக்காததால் நேரில் வந்திருந்தார். ஆறிக் கிடந்த சூளையைத் திறந்து, சரக்கோடு நின்ற டிராலியைச் சுற்றி வந்தார்.

"எல்லாம் உங்களோடதாம்மா?"

"வெளக்கு என்னுது. பொம்ம பின்னாடி தெரு அண்ணனுது. நாங்க இப்பிடித்தாங்க சுடுவோம்."

பொறியாளர் என்னைப் பார்த்தார். "இப்படி ஒண்ணு இருக்குன்னு சிஸ்டத்துக்கு யாரும் சொல்லல சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரியும்" என்றார், மறைக்காமல். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகும் காத்திருந்தோம். கடைசியில் தபாலில் வந்தது, தாளில், கையெழுத்தோடு. எரிவாயுவையும் அறிவிக்கப்பட்ட உற்பத்தியையும் ஒப்பிட்டு மென்பொருள் மதிப்பிட்டது. முடிவை அலுவலர் எவரும் சரிபார்க்கவில்லை. நேராய்வுக்குப் பின் மதிப்பீடு நீக்கப்பட்டு இசைவாணை இத்துடன் இணைக்கப்படுகிறது. பிறருடைய சரக்கைக் காட்ட விண்ணப்பத்தில் இடம் ஏற்படுத்தப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. 'சரிபார்க்கவில்லை' என்று ஓர் அலுவலகம் தன்னைப் பற்றி எழுதி நான் படித்தது அதுவே முதல் முறை. திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி இசைவாணையை மட்டும் உருவிக்கொண்டு பேட்டைக்கு ஓடினார். உள்ளூர்க் கடைகளுக்காவது விளக்கு கொடுத்துவிடலாம்.

கடிதத்தில் தேதி போட மறந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் நானே மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, கார்த்திகை முதல் தேதி, திங்கட்கிழமை.