அன்ரனிப்பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு குருசு

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம், கற்பிட்டிக் கரையில் அன்ரனிப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு வயது. தோணியில் சுக்கான் பிடிக்கிற தண்டையல் அவர்தான். கடலில் இருந்து திரும்பும்போது வேதக் கோயில் முகட்டுக் குருசும் அதற்கு முன்னால் நிற்கிற ஒற்றைப் பனையும் ஒன்றன்மேல் ஒன்று வரவேண்டும். வந்தால் தண்ணீருக்கடியில் கிடக்கிற கல்லுப் பாருக்கு நடுவே வழி. பிசகினால் தோணி பிளக்கும்.

அந்த மாசியில் ஒரு காலை பனையும் இரண்டாகத் தெரிந்தது, குருசும் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கினார். ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பனையின் மேல் மற்றக் குருசைப் பொருத்திவிட்டார். தோணி பாரில் ஏறியது. உயிர் ஒன்றும் போகவில்லை, பலகை உடைந்தது, வலை கிழிந்தது.

கரையில் சனம் கூடி நிற்க, தோணி முன்னால் நின்று தண்ணீர் ஆழம் பார்த்த இன்னாசித்தம்பி கள்ளு வெறியில் தூங்கிவிட்டான் என்றார் அன்ரனிப்பிள்ளை. இன்னாசித்தம்பி அவர் பெண்சாதி அனஸ்தாசியாவின் தம்பி. கள்ளைத் தொடாத மனிதன். அவன் மறுத்து ஒரு சொல் பேசவில்லை. மறுநாளே கடலை விட்டு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டான்.

இரண்டு கிழமை கழித்து, கஞ்சிக் கோப்பையை எடுக்கப் போய் வெறும் மேசையைத் தடவுகிற புருசனை அனஸ்தாசியா ஆசுப்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி மூக்கின் மேல் அடிமட்டம் வைத்து அளந்தார், பென்சிலை ஆட்டிக் காட்டினார். பிள்ளையில் கண்மணி இரண்டும் கிட்டக் கிட்ட இருக்கும், முகம் வளர வளர விலகும், வாலிபத்தோடு அது நின்றுவிடும் என்றார். இவருக்கு இடைவெளியில் குறையில்லையாம். இரண்டையும் ஒரே பக்கம் பிடித்து வைக்கிற தசைதான் வயதில் தளர்ந்ததாம்.

"நெடுங்காலம் ஒண்டா இருந்த புருசன் பெண்சாதி பிணங்கின மாதிரி. ஒவ்வொண்டும் தன்ர பாட்டுக்குப் பாக்குது," என்று சிரித்தார்.

அனஸ்தாசியா சிரிக்கவில்லை.

"தோணி உடைஞ்ச அண்டைக்கும் ரெண்டாத்தான் தெரிஞ்சதா?"

அன்ரனிப்பிள்ளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நூலைப் பிய்த்தார். "ஓம்."

வழி நெடுக அவள் நாலு அடி முன்னாலேயே நடந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

அப்படியே தோட்டத்துக்கு நடந்தார். இன்னாசித்தம்பி கிணற்றடியில் நின்றான். இவர் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவன் சொன்னான்: "தெரியும் அத்தான். நீங்க கண்ணைக் கசக்கினதைப் பாத்தனான்."

"பிறகு ஏன்டா பேசாம நிண்ட?"

"சொன்னா ஆர் உங்களைத் தண்டையல் எண்டு கூப்பிடுற?"

அன்ரனிப்பிள்ளைக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல் இருந்தது. சுக்கானை நீ பிடி, வா என்று கெஞ்சினார்.

"வாறன். குடிகாரன் எண்டு கரையில வச்சுச் சொன்னீங்க. அதே கரையில வச்சு இதையும் சொல்லுங்க."

பலகை மாற்றிய தோணியைத் தள்ளும் விடியலில், எல்லாரும் கைவைத்துச் செபம் சொல்லி முடித்ததும், தன் கண் பிசகினதையும் இன்னாசித்தம்பி குடிக்காததையும் அவர் சொன்னார். தலை நிமிரவில்லை, ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சுக்கானை இன்னாசித்தம்பியிடம் விட்டு, முன்னால் ஏறி, தன் முகம் ஒருவருக்கும் தெரியாதபடி கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.