எந்த மென்பொருளில் தளம் கட்டுவது

தேனி அல்லிநகரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நானும் என்னோடு வேலை பார்த்த பெண்ணும் வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய் வியாபாரம், திராட்சைத் தோட்டம், வடுகபட்டிப் பூண்டுக் கடை என்று எல்லாத் தளங்களும் ஒரே மென்பொருளில்தான் ஓடின. இலவசமாகக் கிடைப்பது; யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளலாம்; ஊர் உலகமே பயன்படுத்துகிறது. வேறொன்றை யோசிக்க எனக்கு அவசியம் வரவில்லை.

ஒரு காலையில் போடியிலிருந்து ஏலக்காய்க்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். "தோத்திரம்" சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று சொல்லவில்லை.

"என்னாத்தா இது, நம்ம கடைப் படத்துக்கு மேல சீட்டாட்ட விளம்பரம் ஓடுது? கொச்சிப் பார்ட்டி போன் போட்டுக் கேக்குறாக. சபையில தெரிஞ்சா மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்கிறது?"

அழித்தேன். மறுநாள் திரும்ப வந்தது. தினசரி விலையைக் காட்டுவதற்காக நான் மாட்டியிருந்த இலவச பிளகின் வழியாகத்தான் எவனோ உள்ளே புகுந்திருந்தான். அந்தத் துணை நிரலை எழுதியவர் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சும்மா கொடுத்தவரிடம் போய்ச் சண்டை போட முடியுமா? ஒவ்வொரு தளமாகத் திறந்து அதைப் பிடுங்கினேன். முடித்தபோது கோபம்கூட மிச்சமில்லை.

"இது நமக்கு வேணாம்க்கா. சின்னதா ஒண்ணு பாப்போம்" என்றாள் அந்தப் பெண். கம்பத்துக்காரி. தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள், வழியெல்லாம் போனில் எதையாவது படித்துக்கொண்டே வருவாள். சில மென்பொருள்களை ஏற்றிப் பார்த்தோம். ஒன்று, பெட்டிக்கடை வைக்கக் கல்யாண மண்டபம் பிடித்த மாதிரி இருந்தது. கடைசியில் அவள் காட்டியதையே எடுத்தோம். எவனும் புகுந்து கெடுக்க டேட்டாபேஸ் கிடையாது, பிளகினும் அதிகம் தேவையில்லை. எங்கோ வெளிநாட்டில் நாலைந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடையில் விலையை ஏற்றுவது அண்ணாச்சியின் மனைவி. புதிய தளத்தைக் கொடுத்த அன்றே போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். 'ஏலக்காய் விலை' என்று அவர் அடித்த தலைப்பு, லிங்க்கில் 'ஏலககய வல' என்று நின்றது. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் குப்பையென்று நினைத்து மென்பொருள் கழித்துவிட்டிருந்தது.

"வாய் கோணுனவுக பேசுன மாதிரில்ல இருக்கு! இத எப்படிப் பார்ட்டிக்கு அனுப்புறது?"

அந்த நாலைந்து பேருக்கு எழுதிப் போட்டோம். 'நிரலை நீங்களே திருத்தி அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. எனக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. அவள் விடவில்லை. திருத்தி அனுப்பினாள். அவர்கள் குறை சொல்லித் திருப்பியதை மறுபடி திருத்தினாள். ஏற்றுக்கொண்டார்கள். தமிழோடு மலையாளமும் இந்தியும்கூடச் சேர்ந்து சரியாயின.

அந்தத் திருத்தம் ஒரு வெளியூர்க் கம்பெனியின் கண்ணில் பட்டது. கம்பத்திலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

"போகட்டுமாக்கா?"

"இதென்ன கேள்வி? போ."

மனதாரத்தான் சொன்னேன். அவள் படியிறங்கியதும், வேலைக்கு ஆள் வேண்டுமென்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி போட்டேன்.

அந்த மென்பொருள் தெரிந்த இன்னொருவரைத் தேனியில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் பழையதைத்தான் படித்திருந்தார்கள். முகம் தெரியாதவர்களை நம்பக் கூடாது என்று மாறினேன். மாறியபின் ஒரே ஒருத்தியை நம்பி நின்றிருக்கிறேன். கொஞ்ச காலம் தனியாக இழுத்துப் பார்த்தேன். முடியாமல் எல்லாத் தளங்களையும் பழைய மென்பொருளுக்கே திருப்ப முடிவெடுத்தேன். இந்த முறை பிளகின் வைத்தால், அதை எழுதியவர் இன்னும் வேலை செய்கிறாரா என்று பார்த்துத்தான் வைப்பது.

நேரில் சொல்ல வேண்டுமென்று போடிக்குப் போனேன்.

"மறுபடியும் மாத்துறியா?" அண்ணாச்சி மனைவி கையிலிருந்த ஏலக்காயைத் தட்டில் போட்டார். "இப்பத்தான கை பழகுச்சு."

"ஆமாக்கா."

"இதாவது நிக்குமா?"

"தெரியலக்கா."

நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. பிறகு போனை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி. எங்கன அமுக்கணும், காட்டு."