என் பெயரில் அக்கா

அந்தப் படத்தில் அக்கா இரண்டு பின்னலையும் முன்னால் எடுத்துப் போட்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியிருக்க வேண்டும். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். கண்ணில் மட்டும் சிரிப்பு தப்பி வந்திருந்தது. செங்கல்பட்டு நூலகத்தின் மரபு நாளில், பழைய உறுப்பினர் விண்ணப்பங்களைக் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் அவள் இருந்தாள். பெயர் என்ற இடத்தில் என் பெயர்.

மகளின் பள்ளியில் சொன்னதால்தான் போனேன். வாசலில் பிள்ளைகள் கோலப்பொடியால் கொளவாய் ஏரியை வரைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் மாக்கல்லில் யானை செதுக்கிக் காட்டினார். மற்ற பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். என் மகளின் மணிக்கட்டை மட்டும் நான் விடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது கூச்சம் என்று தெரியும். ஏழு மாதமாக என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. ஊரப்பாக்கத்தில் கம்பெனி பஸ் பிடிக்க ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்த அக்கா, அந்தப் பக்கம் போய்ச் சேரவேயில்லை.

அவள் கணக்கில் தவறிப் பள்ளியை விட்ட வருடம் நான் ஆறாம் வகுப்பு. "பெயிலானதுக்கு இன்னா பொஸ்தகம்?" என்றார் அப்பா. மாணவர் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் நூலக அட்டை கிடைக்கும். என் பெயரில் விண்ணப்பம் எழுதி, அவரிடம் என்னையே அனுப்பினாள். அவர் எழுதிக் கொடுத்த பிறகு, எனக்குப் படம் இல்லாததால் தன்னிடம் மிஞ்சியிருந்ததை ஒட்டினாள். நூலகர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறந்த தேதியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அதன்பின் நூலகத்தில் அவள்தான் நான். "இன்னிக்கு உம் பேரச் சொல்லி மூணு வாட்டி கூப்ட்டாரு. நான் பாட்டுக்கு பராக்கு பாத்துகினு கீறேன்" என்று வந்து சிரிப்பாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் என் மடிக்கு வந்துவிடும். "பரீட்சைக்குப் படிக்குது நைனா." நான் ஒரு வரியும் படித்ததில்லை. அவர் போகும்வரை பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பழைய படங்கள் மழைநீர் வீட்டுக்குள் புகுந்த வருடம் ஊறிப் போயின. மாலை போட்டிருப்பது கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம். அதில் கண் சிரிப்பதில்லை.

பழைய உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுத் தங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் போகலாம் என்றாள் மேசையில் இருந்த பெண். "இது நீங்கதான மேடம்? மூஞ்சி அப்டியே கீது."

ஆமாம் என்றால் போதும், படம் என் கைக்கு வந்துவிடும். ஆனால் இப்போதும் அவள் நானாகவே அந்தக் கயிற்றிலிருந்து இறங்குவாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. இது எங்க அக்கா. பேரு மட்டும் என்னுது."

"இன்னா மேடம், பேரு ஒருத்தருது, மூஞ்சி ஒருத்தருதுன்னா நான் யாருக்குக் குடுக்கறது? கையெழுத்து ஒத்துப்போனாதான் குடுக்கணும்னு சாரு சொல்லிக்கீறாரு. அவங்கள ஒரு நட வரச் சொல்லுங்களேன்."

"பெரியம்மா வர மாட்டாங்க" என்றாள் மகள்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, "சரி, நீங்களே போடுங்க, பாக்கலாம்" என்றாள். போட்டேன். விண்ணப்பத்தைக் கயிற்றிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்து விரலால் ஒப்பிட்டாள்.

"அதே கையெழுத்து. வாலு கூட அப்டியே சுழிச்சிக்கீது. அப்ப இது நீங்க போட்டதுதான மேடம்?"

ஆறாம் வகுப்பில் எனக்கு ஏது கையெழுத்து? அந்தத் தாளில்தான் அக்கா என் பெயரை முதன்முதலாகச் சாய்த்து எழுதி, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து இழுத்தாள். "நல்லாக்கீதுல்ல? நீயும் இப்டியே போட்டுக்கடி" என்றாள். அப்படியே போட்டுக்கொண்டேன். மதிப்பெண் பட்டியலில், திருமணப் பதிவேட்டில், மகளின் பள்ளி டைரியில் எல்லாம் அதுதான். ஏழு மாதத்துக்கு முன், அக்காவைப் பெற்றுக்கொண்டதாக மருத்துவமனையில் நீட்டிய தாளிலும் அவள் கற்றுக்கொடுத்தபடியே சாய்த்து எழுதி, வாலைச் சுழித்துத்தான் கொடுத்தேன்.