நானே கொடுத்த கொலு வீடியோ

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் நான் வடிவமைத்த மடக்குக் கொலுப்படிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகுதான், சான் ரமோன் ஊரில் இருக்கும் என் தோழி சுதா பல வருடம் முன்பு இணையத்தில் போட்ட கொலு வீடியோவைப் பார்த்தேன். அதிலும் மடக்குப் படி!

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய கம்பெனி, என் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போட்டது. நமக்கு முன்பே யாராவது அதைச் செய்து காட்டியிருந்தால் காப்புரிமை செல்லாமல் போகலாம், அப்படி எது தெரிந்தாலும் நாமே காப்புரிமை அலுவலகத்திடம் சொல்லியாக வேண்டும் என்றார் என் வக்கீல்.

"வீட்டுக் கொலுடி அது. யாரு தேடப் போறா? பேசாம விடு" என்றார் கணவர்.

"மறைச்சுட்டு பயந்து சாக என்னால முடியாது. சப்மிட் பண்ணப் போறேன்" என்றேன்.

சில மாதம் கழித்துக் கம்பெனி வக்கீல் அதே வீடியோவைக் காட்டி, காப்புரிமையை விட்டுவிடச் சொல்லி மிரட்டினார். அதை நாங்களே முதலில் அலுவலகத்திடம் கொடுத்துவிட்டோம் என்றதும் அவர் மிரட்டலுக்கு வேலை இல்லாமல் போனது. மறுபரிசீலனையில், மடக்கும் முறைக்கு எனக்கு உரிமை இல்லை என்று முடிவானது. ஆனால் படி சரியாமல் பிடிக்கும் என் பூட்டுக் கீலுக்கான உரிமை தப்பித்தது.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக் கொலுவில் மடக்குப் படியைக் கண்டாலும், சுண்டலைத் தொடும் முன்பே படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிடுகிறேன். மிரட்டுகிறவர்கள் இனி வேறு ஏதாவது கொண்டு வரட்டும்.