முடிக்கிண்ணமும் அக்கா ஏற்ற பழியும்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாட்கள். அவரது கைப்பக்குவத்தையும் கோயில் தொண்டையும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறு. அதை எழுதாமல் விட்டால், அக்கா மீது விழுந்த பழி அவர் போன பின்னும் இங்கேயே நின்றுவிடும்.

அக்கா பருத்தித்துறையில் மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்தார். அதன் பிறகு என்னை வளர்த்தவர் அக்காதான். கல்யாணமாகி மகளுக்கு மூன்று வயதானபோது, அத்தானையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு, போர் துரத்த, தனியாகச் சுவிஸ் வந்தார். பின்னர் நானும் வந்து சேர்ந்தேன். என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. வேலை செய்ய எனக்கு அனுமதியும் இல்லை.

ஃப்ரிபூர்க் நகரில், மதாம் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயோதிபப் பெண்மணியின் வீட்டை அக்கா துப்புரவு செய்துவந்தார். மதாமின் பாட்டிக்குத் தாயான பூட்டி, விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்திலிருந்து மணப்பெண்ணாக வந்தவர். அவர் கொண்டுவந்த பொருட்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் பஞ்சடைத்த குருவிகள், உலர்த்தி ஏட்டில் ஒட்டிய பன்னச் செடி இலைகள், கைக்குழந்தைகளின் புகைப்படங்கள். அந்தக் காலத்தில் படம் எடுக்க நெடுநேரம் ஆகும் என்பதால், பிள்ளை அசையாதபடி தாய் தலையோடு துணியைப் போர்த்தி, நாற்காலி போல ஒளிந்துகொண்டு மடியில் வைத்திருப்பாராம். அக்கா அந்தப் படங்களை ஆறுதலாகத் துடைப்பார். கதிரைக்குக் கை முளைத்திருக்கிறது என்று சிரிப்பார்.

ஒரு கிழமை மதாம் லொசானில் தங்கை வீட்டிற்குப் போயிருந்தார். அவர் திரும்பியதும் ஒரு கடிதத்தில் ஒப்பமிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்ற அந்தக் கடிதம் கிடைத்தால்தான் அத்தானையும் மகளையும் கூப்பிடலாம். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, மதாமுக்குச் சொல்லாமல் என்னையும் உதவிக்குக் கூட்டிப்போனார் அக்கா.

நான் படுக்கையறையைத் துடைத்தேன். அலங்கார மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம். மூடியில் விரல் நுழையும் அளவு துளை. திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு முடிச்சுருள். எங்கள் வீடுகளில் சீப்பில் வந்த முடி ஒன்று நிலத்தில் கிடந்தாலே வீட்டுக்கு ஆகாது என்று ஏச்சு விழும். அதைக் குப்பைப்பையில் போட்டுக் கட்டி வெளியே வைத்துவிட்டு, கிண்ணத்தைச் சுடுநீரில் கழுவினேன். மத்தியானம் அதை அக்காவிடம் பெருமையாகவே சொன்னேன்.

அக்காவின் முகம் வெளிறிப்போனது. படியால் இறங்கி ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். குப்பை லொறி வந்து போயிருந்தது. தெருவில் ஒரு பையும் மீதி இல்லை.

அது பூட்டியின் சின்ன மகளுடைய முடி. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தலைவாரும்போது சீப்பில் வந்ததை, அந்தக் கால வழக்கப்படி தாய் அந்தக் கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்தார். பிள்ளை பிழைக்கவில்லை. இதை மதாம் அக்காவுக்குச் சொல்லியிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மதாம் வரும் வரை இரண்டு நாட்கள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நானே போய் ஒத்துக்கொள்கிறேன் என்று அழுதேன். மதாம் வீட்டு வாசலில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ வாய் திறக்கக் கூடாது. உன்ரை வழக்கு முடியேல்லை. நீ வேலை செய்தது தெரிஞ்சால் உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"அப்ப அத்தானும் பிள்ளையும்?"

"அவை கொஞ்சம் பிந்தி வருவினம்."

உள்ளே போய்த் தெரிந்த பிரெஞ்சில், தானே அதை எறிந்ததாகச் சொன்னார். மதாம் வெறும் கிண்ணத்தைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு, இனி வரவேண்டாம் என்றார். கடிதம் கிடைக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை.

வேறு வேலை கிடைத்து, புதுக் கடிதத்தோடு விண்ணப்பம் போய், அத்தானும் மகளும் வந்து சேர மேலும் இரண்டு வருடங்கள் ஆயின. விமான நிலையத்தில் ஏழு வயது மகள், தாயென்று தெரியாமல், அக்காவை "அன்ரி" என்று கூப்பிட்டாள். அக்கா கவனயீனத்தால் வேலையைத் தொலைத்தார் என்பது குடும்பத்தில் பகிடிக் கதையானது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மகளுக்குப் பதினாறு வயதில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கோபம் வெடித்தது. "நீங்கள் அந்த வேலையை ஒழுங்காய்ச் செய்திருந்தால் நான் அங்கை ரெண்டு வருசம் ஷெல்லடிக்குள்ளை கிடந்திருக்க மாட்டன்" என்றாள். அக்கா அவளுக்குச் சோறு போட்டார். நான் எதிரில் இருந்தேன்.

கடைசி நாட்களில், மகளிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா தலையசைத்து மறுத்தார். "வேண்டாம். நான் போனாப் பிறகு அவளுக்கு நீதான் இருக்கிறாய். உன்னையும் அவள் வெறுக்கக் கூடாது."

அக்காவை இறுதிவரை பராமரித்த மருத்துவத் தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், ஊஸ்டர் நகரிலிருந்து வந்து கிரியைகளைப் பொறுப்பேற்ற உறவுகளுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா பெற்றெடுத்த என் பெறாமகளே, அவர் சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி. அந்த இரண்டு வருடங்களை உன்னிடமிருந்து எடுத்தது உன் அம்மா அல்ல. நான்.